லாகின் ஆகலைன்னா யார் சம்பளம் போகுது?

கால் சென்டர்ல ஒன்பது மணி ஷிஃப்ட். பொண்ணு எட்டே முக்காலுக்கே சீட்ல உக்காந்துட்டா. ஹெட்செட் மாட்டியாச்சு, பாஸ்வேர்டு அடிச்சாச்சு. ஸ்கிரீன் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. ஒருவழியா உள்ள போறப்ப மணி ஒன்பது நாப்பது. மாசக் கடைசி ரிப்போர்ட்ல அவ பேருக்கு நேரா என்ன வரும் தெரியுமா? ‘லேட் லாகின்.’ அந்த நாப்பது நிமிஷம் எங்க போச்சு? அவ சம்பளத்துல இருந்து போச்சு. இது எந்த ஊர் நியாயம்னு நீங்களே சொல்லுங்க.

நான் அந்த சிஸ்டத்தைப் பாத்துக்குற ஆளு. வீடு கரியமாணிக்கம், வேலை புதுச்சேரி டவுன்ல. டயலர் (நம்பரைத் தானா அடிச்சு ஏஜென்ட்டுக்குக் குடுக்கிற சாஃப்ட்வேர்), சர்வர், சாஃப்ட்போன் (கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடுற போன்), நெட் லைன் எல்லாம் என் பொறுப்பு. ஃப்ளோர்ல எல்லாருக்கும் நான் ‘ஐடி அண்ணா’. எங்க ஊர்லேருந்தும், நெட்டப்பாக்கம், மடுகரை, ஏம்பலம்னு பக்கத்து ஊர்லேருந்தும் நிறைய புள்ளைங்க இந்த மாதிரி வேலைக்குத்தான் பஸ் ஏறுது. அதனால ஆபீஸ்ல கேக்காத கேள்வியெல்லாம் ஊர்ல வந்து கேக்குதுங்க.

“அண்ணா, இந்த மாசமும் புடிச்சிட்டாங்கண்ணா. நான் லேட்டா வரவே இல்லியே. உங்களுக்குத்தான் தெரியுமே?”

தெரியும்மா. நல்லாவே தெரியும். நீ எத்தனை மணிக்கு வந்த, எந்த நிமிஷம் உன் போன் சர்வரைத் தட்டுச்சு, சர்வர் ஏன் திறக்கலைங்கிறது வரைக்கும் என் லாக்ல இருக்கு. ஆனா சம்பளம் போடுறவர் கைக்கு அந்த லாக் போறதில்ல. அவருக்குப் போறது ஒரே ஒரு எக்செல் ஷீட். அதுல பேர் இருக்கு, நேரம் இருக்கு. காரணம் எழுத ஒரு கட்டம் கூட கிடையாது.

என் ஆதங்கம் மொத்தமும் இதுதான். கூலியை முடிவு பண்ற கணக்கை எழுதுறது எந்த மெஷினோ, அதே மெஷின்தான் பழுதாகுது. பழுதான மெஷின் எழுதின கணக்கை அப்படியே எடுத்துக்கிட்டு, எதிர்ல உக்காந்திருந்த பொண்ணுகிட்ட காசைப் புடிக்கிறோம்.

வெளியில இருக்கிறவங்களுக்கு லாகின்னா ஒரு பாஸ்வேர்டு, ஒரு பட்டன். எங்க உலகத்துல அது மூணு படி. முதல்ல கம்ப்யூட்டருக்குள்ள போகணும். வீட்டுலேருந்து வேலைன்னா விபிஎன்னும் சேர்த்து. ரெண்டாவது, சாஃப்ட்போன் போய் சர்வர்கிட்ட ‘இந்த எக்ஸ்டென்ஷன் இங்க இருக்கு’ன்னு பதிவு பண்ணணும். மூணாவது, டயலர் பக்கத்துல ஏஜென்ட் ஐடி, பாஸ்வேர்டு, எந்த கேம்பெய்ன்னு குடுத்து உள்ள போகணும். போனதும் சர்வரே அந்த ஏஜென்ட்டோட போனுக்கு ரிங் அடிக்கும். அவ எடுத்தா, அவளுக்குன்னு ஒரு கான்ஃபரன்ஸ் ரூம் திறந்து உள்ள உக்கார வெச்சுடும். அப்புறம் கஸ்டமர் காலை ஒவ்வொன்னா அந்த ரூமுக்குள்ள கொண்டுவந்து விடும். நீங்க கஸ்டமர் கேருக்கு போன் போட்டுப் பேசுறப்ப, பல இடத்துல இப்படித்தான் ஒரு ரூமுக்குள்ள நுழையிறீங்க.

இதுல ரெண்டாவது படி சத்தமில்லாம வழுக்கிடுச்சுன்னு வைங்க. மூணாவது படி பாட்டுக்கு ‘எல்லாம் சரி’ன்னு உள்ள விட்டுடும். சர்வர் ரிங் அடிக்கும், போன் அடிக்காது. திரையில ஒரு பெட்டி வந்து நிக்கும்: ‘உங்கள் செஷனில் யாரும் இல்லை.’ அந்தப் பொண்ணு அங்கேயே உக்காந்திருக்கா. திரையை முறைச்சுப் பாத்துக்கிட்டு இருக்கா. யாரும் இல்லைன்னு எழுதி வருது. இதைப் பாத்தா வயிறு எரியாதா?

சாஃப்ட்வேர் மேல பழி போடாதீங்க. இதுக்கெல்லாம் அடியில ஓடுறது ஆஸ்டரிஸ்க்னு ஒன்னு. 1999-ல அமெரிக்காவுல அலபாமா பக்கம் மார்க் ஸ்பென்சர்னு ஒரு இளைஞர், கம்பெனி நடத்த போன் சிஸ்டம் வாங்கக் காசு இல்லாம தானே எழுதினது. எழுதினதைப் பூட்டி வெக்காம ஓப்பன் சோர்ஸா உலகத்துக்கே குடுத்தார். அது மேல கட்டினதுதான் விசிடயல் மாதிரியான டயலருங்க. இன்னைக்கு நம்ம நாட்டுல எத்தனையோ சின்னச் சின்ன கால் சென்டர் இந்த இலவச சாஃப்ட்வேர் தயவுலதான் ஓடுது. ஒழுங்கா வெச்சுக்கிட்டா வருஷக்கணக்குல உழைக்கும். நம்ம ஆளுங்க பண்றது என்ன? இலவசமாத்தானே வந்துச்சுன்னு எடுத்துப் போட்டுட்டு, பராமரிப்புக்கு ஒரு பைசா ஒதுக்குறதில்ல. இலவசம் லைசென்ஸுக்குத்தான். ஹார்ட் டிஸ்க்குக்கும் யுபிஎஸ்ஸுக்கும் ஆள் சம்பளத்துக்கும் இல்லீங்களே!

பழுதெல்லாம் எங்கேருந்து வருதுன்னு கொஞ்சம் விவரமாவே சொல்றேன். சொன்னாத்தான் இதுல ஏஜென்ட் தப்பு எவ்வளவுன்னு உங்களுக்கே புரியும்.

முதல்ல ரவுட்டர். சாஃப்ட்போன் தன்னை பதிவு பண்ணிக்கிட்டு, பல செட்டிங்ல ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் மறுபடி பதிவு பண்ணும். நடுவுல இருக்கிற ரவுட்டர் அவ்வளவு நேரம் பொறுக்காது. அரை நிமிஷமோ சில நிமிஷமோ பேச்சு ஓடலைன்னா அந்த வழியை மறந்துடும். ஏஜென்ட் போன்ல ‘ரெஜிஸ்டர்டு’ன்னு பச்சை விளக்கு எரியும், சர்வரால மட்டும் அவளை எட்ட முடியாது. இதுபோக, நிறைய ரவுட்டர்ல ‘சிப் ஏஎல்ஜி’ன்னு ஒரு வசதி தானாவே ஆன்ல இருக்கும். உதவி பண்றேன்னு போன் பாக்கெட்டுக்குள்ள கையை விட்டு முகவரியை மாத்தி வெச்சிடும். ஒரு பக்கம் குரல் கேக்கும், மறுபக்கம் கேக்காது. “ஹலோ, ஹலோ”ன்னு கத்திட்டு கஸ்டமர் வெச்சிடுவார். குவாலிட்டி டீம் அந்த ரெக்கார்டிங்கைக் கேட்டுட்டு ‘ஏஜென்ட் பதில் சொல்லலை’ன்னு மார்க் குறைக்கும். ஏஎல்ஜியை ஆஃப் பண்ணி, சர்வர்லேருந்து அடிக்கடி ஒரு சின்ன தட்டு தட்டுற மாதிரி வெச்சா தீர்ந்துது. அஞ்சு நிமிஷ வேலை. ஆனா ரவுட்டர் பாஸ்வேர்டு நெட் குடுக்கிற கம்பெனிகிட்ட இருக்கும், அவங்க போனை எடுக்க மாட்டாங்க.

அடுத்தது பிரவுசர். இது ரொம்பக் கொடுமை. கஸ்டமர் விவரம் அடிக்கிற சிஆர்எம் ஒரு டேப்ல, டயலர் இன்னொரு டேப்ல. விவரம் அடிக்கணும்னா சிஆர்எம் டேப்புக்குத்தான் போயாகணும். அப்ப டயலர் டேப் பின்னாடி போயிடுது. அந்த டயலர் பக்கம் விநாடிக்கு ஒரு தரம் சர்வருக்கு ‘ஆள் இருக்கு’ன்னு சேதி அனுப்பிக்கிட்டே இருக்கணும். 2021 ஜனவரியில வந்த குரோம் 88-லேருந்து, அஞ்சு நிமிஷத்துக்கு மேல மறைஞ்சு கிடக்கிற டேப்போட டைமரை நிமிஷத்துக்கு ஒரு தரம்தான் ஓட விடுறாங்க. பேட்டரி மிச்சமாகணும்னு பண்ணது, தப்பு சொல்லலை. பிரவுசருக்குள்ளேயே கால் ஓடுற அமைப்பா இருந்தா இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆனா சாஃப்ட்போன் தனியா, டயலர் டேப் தனியான்னு வெச்சிருக்கிற இடத்துல, சேதி வரலைன்னதும் சர்வர் ஏஜென்ட்டை வெளிய தள்ளிடும். அவ லைன்ல கஸ்டமரோட பேசிக்கிட்டு இருக்கா. நேர்மையா விவரம் அடிச்சுக்கிட்டு இருக்கா. அந்த நிமிஷத்துல சிஸ்டம் ‘இந்த ஆள் இல்லை’ன்னு எழுதுது! டயலரைத் தனி விண்டோவா, திரையில தெரியுற மாதிரி வெச்சா இது வராது. குரோம் நிர்வாக செட்டிங்ல ஒரு வரி மாத்தினாலும் வராது. மாத்துறதுக்கு ‘அப்ரூவல்’ வேணுமாம். எத்தனையோ ‘லாக்அவுட்’ மார்க் விழுந்த பிறகுதான் அந்த அப்ரூவல் வரும்.

டிஸ்க் கதையைக் கேளுங்க. ஒவ்வொரு காலும் ரெக்கார்ட் ஆகுது. சுருக்காத வேவ் ஃபைல், போன் தரத்துல, நிமிஷத்துக்கு 1 எம்பிக்குக் கொஞ்சம் கம்மி. 50 ஏஜென்ட், ஆளுக்கு 6 மணி நேரப் பேச்சுன்னா ஒரு நாளைக்கு சுமார் 17 ஜிபி. மாசத்துல 26 நாள் வேலைன்னா ஏறக்குறைய 450 ஜிபி. பழசை வேற இடத்துக்கு மாத்தலைன்னா ஒரு நாள் டிஸ்க் ரொம்பிடும். ரொம்பினதும் டேட்டாபேஸால ஒரு எழுத்துகூட எழுத முடியாது. எழுத முடியலைன்னா லாகின் பதிவாகாது, மொத்த ஃப்ளோரும் வெளிய நிக்கும். ‘புது டிஸ்க் வேணும் சார்’னு முன்கூட்டியே எழுதிக் குடுத்தாலும் ‘அடுத்த குவார்ட்டர் பாக்கலாம்’னு பதில் வரும். சரி, குவார்ட்டர் வரட்டும். அதுவரைக்கும் புள்ளைங்க சம்பளத்துலேருந்தா டிஸ்க்குக்குக் காசு மிச்சம் பண்றது?

கரண்ட் போனா இன்னொரு விதம். யுபிஎஸ் பேட்டரி செத்துப் போயி வருஷமாகியிருக்கும். சர்வர் பொட்டுனு அணைஞ்சு எழும்பும். எழும்புறப்ப டேட்டாபேஸ்ல சில டேபிள் ‘க்ராஷ்’னு நிக்கும். ரிப்பேர் ஓடணும். ரிப்பேர் ஆனாலும் கடைசி நேரத்துப் பதிவுங்க முழுசா திரும்பும்னு உத்தரவாதம் இல்ல. லாக்அவுட் பண்ணாமலே அணைஞ்ச ஏஜென்ட்டுங்க டேட்டாபேஸ்ல இன்னும் உள்ளயே உக்காந்திருப்பாங்க. திரும்ப வந்தா ‘ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கீங்க’ன்னு தடுக்கும். நான் ஒவ்வொருத்தரையா எமர்ஜென்சி லாக்அவுட் போட்டு வெளிய எடுத்தாத்தான் வழி திறக்கும். ரெண்டு சர்வரோட கடிகாரம் கொஞ்சம் விலகினாலும் ‘டைம் சிங்க் பிரச்சினை, அட்மினைக் கூப்பிடுங்க’ன்னு நிக்கும். பிரவுசர்ல கால் ஓடுற இடத்துல பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானா மைக்கே திறக்காது. இலவசச் சான்றிதழுக்கு ஆயுசு பொதுவா 90 நாள். புதுப்பிக்கிறது தானா நடக்கிற மாதிரி ஒரு தரம் அமைச்சா போதும். அமைக்காம விட்டா ஒரு திங்கக்கிழமை காலையில மொத்தக் கூட்டமும் ஊமையா உக்காந்திருக்கும்.

இதுல எதுங்க ஏஜென்ட் பண்ணது? ஒன்னு சொல்லுங்க, பாப்போம்.

டேட்டா பக்கம் வாங்க. அதுவும் இதே லட்சணம்தான். கிளையன்ட் அனுப்புற நம்பர் லிஸ்ட் எக்செல்ல வரும். 91 சேர்த்த பன்னெண்டு இலக்க நம்பரை யாரோ ஒருத்தர் திறந்து சிஎஸ்வியா சேவ் பண்ணிடுவாங்க. எக்செல் அதை 9.19-க்குப் பின்னாடி ‘ஈ பிளஸ் 11’னு சுருக்கிடும். கடைசி இலக்கமெல்லாம் பூஜ்யமாகிப் போச்சு. ஆயிரக்கணக்கான வரி, எல்லாம் இல்லாத நம்பர். சில லிஸ்ட்ல ஒரே ஆள் மூணு தரம் இருப்பார். தேதியும் மாசமும் இடம் மாறிக் கிடக்கும். தொந்தரவு செய்யாதீங்கன்னு 1909-ல பதிவு பண்ணி வெச்சிருக்கிற நம்பரை ஒழுங்கா கழிச்சிருக்க மாட்டாங்க. டயலர் என்ன பண்ணும்? சுத்திச் சுத்தி அடிச்சுப் பாக்கும், ஒன்னும் எடுக்காது. அடுத்து அடிக்க வேண்டிய நம்பருங்க வரிசையா நிக்கிற ‘ஹாப்பர்’ காலியாகும். ஏஜென்ட் ஹெட்செட்டோட காத்துக்கிட்டு இருப்பா. ரிப்போர்ட்ல அவளுக்கு ‘ஐடில் டைம்’ ஏறும். கிணறு வத்திக் கிடக்கு, இறைக்க வந்தவனைச் சோம்பேறின்னு திட்டுறோம்.

இவ்வளவும் நடக்குறப்ப பழுது பாக்குற முறை எப்படின்னு நினைக்கிறீங்க? டிக்கெட் போடணும். போட்டா, டயலர் சப்போர்ட் சொல்லும்: நெட்வொர்க் பாருங்க. நெட்வொர்க் ஆளு: லைன் குடுத்தவங்களைக் கேளுங்க. லைன் குடுத்தவங்க: எங்க பக்கம் பிங் நல்லாத்தான் இருக்கு, உங்க சிஸ்டத்தைப் பாருங்க. கடைசியில எல்லாரும் சேர்ந்து சொல்ற ஒரே மருந்து, ‘கேஷ் கிளியர் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணுங்க.’ ரீஸ்டார்ட் பண்ணா கொஞ்ச நேரம் ஓடும். உடனே டிக்கெட் குளோஸ். காரணம் கண்டுபிடிச்சாச்சான்னு கேக்க ஆள் கிடையாது. பழுதை எழுப்பின ஏஜென்ட்டுக்கு ‘சரியாயிடுச்சா’ன்னு ஒரு வார்த்தை கிடையாது. டிக்கெட்டை எவ்வளவு சீக்கிரம் மூடினோம்ங்கிறதுக்குத்தான் அங்க மார்க்கு. திறந்து பாத்து வேரைப் பிடுங்கினவனுக்கு ‘ஏன் இவ்வளவு நேரம்?’னு திட்டு.

‘ரெண்டு பேர் லாகின் ஆகலைன்னா என்ன குடி முழுகிடும்?’னு மேனேஜர் கேட்டார். முழுகத்தான் செய்யும். டென்மார்க்ல கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில வேலை பாத்த எர்லாங், 1909-லேருந்து 1917-க்குள்ள இதுக்குக் கணக்கே போட்டு வெச்சுட்டுப் போயிட்டார். இன்னைக்கும் உலகம் முழுக்க கால் சென்டருக்கு ஆள் கணக்குப் போடுறது அவர் சூத்திரத்தை வெச்சுத்தான். மணிக்கு 135 கால் வருது, ஒவ்வொன்னும் சராசரியா 4 நிமிஷம்னு வைங்க. 12 பேர் இருந்தா கஸ்டமர் சராசரியா காத்திருக்கிறது 21 விநாடி. ஒரு ஆள் கொறைஞ்சு 11 பேர் ஆனா 52 விநாடி. 10 பேர் ஆனா 160 விநாடி! ரெண்டே பேர் கொறைஞ்சதுக்கு காத்திருப்பு ஏழு மடங்குக்கு மேல ஏறிடுச்சு. ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்’னு பாட்டுக்கு நடுவுல கேட்டுக்கிட்டு நீங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே, அதுக்கும் இதுக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு. கடைசியில லைன் கிடைச்சதும் அந்தக் கோவத்தை யார் மேல கொட்டுறீங்க? லாகின் ஆயி உள்ள உக்காந்திருக்கிற மத்த பத்துப் பேர் மேல. அவங்க பாவம், இல்லாத ரெண்டு பேர் வேலையையும் சேர்த்துப் பாத்துக்கிட்டு இருக்காங்க.

கிராமத்துப் பிள்ளைங்களுக்கு இந்த வேலை வேணாம்னு நான் சொல்லலை. நல்ல வேலை. ஏசியில உக்காந்து, நாலு மொழி பேசி, மரியாதையா சம்பாதிக்கலாம். 2007-ல ஐஐடி மெட்ராஸ் உதவியோட தொடங்கின தேசிக்ரூன்னு ஒரு நிறுவனம் திருவாரூர் மாவட்டத்துக் கொல்லுமாங்குடி வரைக்கும் பிபிஓ வேலையைக் கொண்டு போயிருக்கு. டிஜிட்டல் இந்தியாவுல சின்ன ஊர்களுக்கு பிபிஓ கொண்டு வர 48,300 சீட்டுக்கு 493 கோடி ரூபா ஒதுக்கினாங்க. ஒரு சீட்டுக்கு ஒரு லட்சம் வரைக்கும் உதவி. நமக்குப் பக்கத்துல இருக்கிற கோட்டக்குப்பத்துல கூட அந்தத் திட்டத்துல பிபிஓ வந்துச்சு. எல்லாம் சந்தோஷம்தான். ஆனா கவனிங்க, அரசாங்கம் எண்ணினது சீட்டு. அந்த சீட்ல உக்கார்ற பிள்ளையோட நேரத்தை யார், எப்படி எண்ணுறாங்கன்னு யாரும் எட்டிப் பாக்கல.

கொரோனாவுல வீடே ஆபீஸாச்சு. அதுக்கு முன்னாடி கால் சென்டர் வேலையை வீட்டுலேருந்து பாக்க டெலிகாம் துறையோட கெடுபிடி ஏகப்பட்டது; கம்பெனி ஒரு கோடி ரூபா வரைக்கும் ஈடு கட்டணும்னு இருந்துச்சு. 2020 மார்ச்சுல தளர்த்தினாங்க, நவம்பர் 5-ல விதியையே மாத்தினாங்க, 2021 ஜூன் 23-ல இன்னும் இளக்கினாங்க. புது விதிப்படி வீட்டுலேருந்து வேலை பாக்குறவங்க அந்த சென்டரோட ‘ரிமோட் ஏஜென்ட்’. சென்டரோட ஆளுன்னா, அவங்க கரண்ட்டும் நெட்டும் சென்டரோட கவலைதானே? நடைமுறையில அப்படியா இருக்கு? ‘உங்க வீட்டு நெட் சரியில்ல, நாங்க என்ன பண்றது?’ முடிஞ்சுது பேச்சு.

எங்க பக்கம் எப்படின்னு உங்களுக்குத் தெரியும். புதுச்சேரி நிலமும் தமிழ்நாட்டு நிலமும் மாறி மாறிக் கிடக்கிற ஊருங்க. மழைக்காத்து அடிச்சா முதல்ல போறது கரண்ட், அப்புறம் டவர். ஒரு காலுக்கு 100 கேபிபிஎஸ்ஸுக்கும் கம்மியா போதும், வேகம் பிரச்சினையே இல்ல. விடாம, சீரா வரணும், அது ஒன்னுதான் வேணும். அதுதான் கிடைக்காது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு. ஒரே நாள்ல 48 சென்டிமீட்டருக்கு மேல மழை. அடுத்து சாத்தனூர் அணை திறந்து, தென்பெண்ணைத் தண்ணி பாகூர் பக்கத்து ஊருங்களுக்குள்ள புகுந்துச்சு. வீட்டுக்குள்ள தண்ணி நிக்கிற பொண்ணுக்கு அன்னைக்கு சிஸ்டம் என்ன எழுதுச்சு? ‘நோ லாகின்.’ புயலுக்கு ஒரு கோட் அதுல கிடையாது. மேல இருக்கிறவங்க மனசு வெச்சு மாத்தினா உண்டு. மனசு வெக்கிற வரைக்கும் அது லீவுதான், சம்பளம் இல்லாத லீவு.

இது நடக்கிறது எந்த மண்ணுல? வேலை நேரத்துக்காக உயிரைக் குடுத்த மண்ணுங்க இது. 1936 ஜூலை 30, புதுச்சேரி மில் தொழிலாளிங்க மேல பிரெஞ்சு அரசு துப்பாக்கியால சுட்டதுல 12 பேர் செத்தாங்க. வ. சுப்பையா மாதிரி தலைவருங்க முன்னால நின்னு நடத்தின போராட்டம். அடுத்த வருஷம் எட்டு மணி நேர வேலை சட்டமாச்சு. ஆசியாவுலேயே முதல்னு பெருமையா சொல்லிக்கிறோம். அந்த மில்லுங்க இப்ப இல்ல. ஏஎஃப்டி மில்லை 2020-ல மூடியே விட்டாங்க. சுத்துப்பட்டு ஊர்லேருந்து சைக்கிள் மிதிச்சு மில்லுக்குப் போன தலைமுறையோட பேரப் பிள்ளைங்கதான் இப்ப ஹெட்செட் மாட்டுது. தாத்தா வேலை பாத்த நேரம் எவ்வளவுன்னு கேட்டுல நின்ன நாலு பேருக்குத் தெரியும், சங்கத்துக்குத் தெரியும். பேத்தியோட நேரம் ஒரு சர்வருக்குள்ள இருக்கு. அவளால அதைத் திறந்து பாக்கக்கூட முடியாது. கேட்டா, ‘ஏஜென்ட் லெவலுக்கு ரிப்போர்ட் ஆக்சஸ் கிடையாது.’

சட்டம் ஒன்னும் ஊமையா இல்ல. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில இருக்கிற ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019 — அதோட 10-வது பிரிவைப் படிங்க. நாள் கணக்குல குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிச்ச ஊழியர், ஒரு நாள் முழு நேரமும் வேலை பாக்கலைன்னாலும் முழு நாள் ஊதியம் உண்டு. வேலை பாக்க அவருக்கே விருப்பமில்லாம போனாலோ, விதியில சொன்ன வேற சூழ்நிலையா இருந்தாலோதான் கிடையாது. முதலாளி வேலை குடுக்கத் தவறினதால நேரம் போச்சுன்னா அதை ஊழியர் தலையில கட்டக் கூடாது. இது புதுசும் இல்ல, 1948-ம் வருஷக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்துல 15-வது பிரிவா இருந்ததுதான். அபராதம்னு புடிச்சா அந்தச் சம்பளக் காலத்து ஊதியத்துல 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, புடிக்கிறதுக்கு முன்னாடி ஊழியரோட விளக்கத்தைக் கேக்கணும்னு 19-வது பிரிவு சொல்லுது. மாசச் சம்பளக்காரங்களுக்கு விவரம் கொஞ்சம் வேற மாதிரி இருக்கலாம். ஆனா நியாயத்தோட அடிப்படை ஒன்னுதான்: வரலையா, வந்தும் வேலை குடுக்கலையா? இந்தக் கேள்வியைக் கேக்காம ஒரு ரூபா புடிக்கிறதும் தப்பு. இதுக்குப் பதில் சொல்ற லாக் சர்வர்ல இருக்கு. எடுத்துப் பாக்க அரை மணி நேரம் ஆகாது.

நான் கேக்கிறது பெரிய புரட்சி இல்ல. டயலர்ல இடைவேளைக்குப் போடுற ‘பாஸ் கோட்’ எத்தனை வெச்சிருக்கீங்க? டீ, சாப்பாடு, ட்ரெய்னிங், மீட்டிங். அதோட ‘சிஸ்டம் டவுன்’னு ஒன்னு சேருங்க. அந்த நேரத்தை வேலை நேரமா எண்ணுங்க. லாகினே ஆகாத நேரத்துக்கு, முதல் முயற்சி எத்தனை மணிக்குன்னு சர்வர் லாக்ல இருக்கிறதை வருகை நேரமா எடுத்துக்குங்க. ஷிஃப்ட் முடிஞ்சு போறப்ப ஒவ்வொரு ஏஜென்ட்டும் தன்னோட அன்னைய கணக்கைத் திரையில பாக்கணும், தப்புன்னா அங்கேயே ஆட்சேபணை எழுதணும். டிக்கெட்டை மூடுற உரிமை அதைத் திறந்தவங்களுக்கே இருக்கட்டும். டிஸ்க், பேட்டரி, சான்றிதழ், ரெண்டாவது நெட் லைன் — இந்த நாலுக்கும் வருஷத்துக்கு ஒரு தொகையை முன்னாடியே எடுத்து வைங்க. ஒரு நாள் மொத்த ஃப்ளோரும் நின்னா ஆகுற நஷ்டத்தோட ஒப்பிட்டுப் பாருங்க, எது பெரிசுன்னு தெரியும்.

ஏஜென்ட் பிள்ளைங்களுக்கும் ஒன்னு சொல்றேன். லாகின் ஆகலைன்னா சும்மா உக்காந்து காத்திருக்காதீங்க. திரையில வந்த பிழைச் செய்தியை வார்த்தை மாறாம, நேரத்தோட சேர்த்து, அப்பவே டீம் லீடருக்கு மெயில் போடுங்க. ஃப்ளோருக்குள்ள மொபைல் விடலைன்னா பக்கத்து சீட் சிஸ்டத்துலேருந்தாவது போடுங்க. வாயால சொன்னது மாசக் கடைசியில நிக்காது, எழுதினது நிக்கும். ‘யாரும் இல்லை’ன்னு வந்தா சாஃப்ட்போன் பதிவு, அடிக்கடி வெளிய தள்ளினா பின்னாடி மறைஞ்சிருக்கிற டேப், ஒரு பக்கம் மட்டும் குரல்னா ரவுட்டர். இந்த மூணு மட்டும் தெரிஞ்சிருந்தாலே ‘உனக்கு சிஸ்டம் ஓட்டத் தெரியல’ன்னு சொல்றவர் வாயை அடைக்கலாம்.

கால் சென்டர் நடத்துற ஐயாக்களே, அம்மாக்களே, உங்க மெஷின் நின்ன நேரம் உங்க நேரம். வேலைக்குன்னு வந்து உக்காந்த பிள்ளையோட நேரம் அது இல்ல. அடுத்த மாசச் சம்பளம் போடுறதுக்கு முன்னாடி அந்த எக்செல் ஷீட்டோட சேர்த்து சர்வர் லாக்கையும் ஒரு தரம் கேட்டு வாங்கிப் பாருங்க. தப்பாப் புடிச்ச காசைத் திருப்பிக் குடுங்க.